புது சர்வர் வந்தாச்சு, பழைய லினக்ஸை அப்படியே ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 2016-ல் வாங்கிய சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 (ரெட் ஹேட் லினக்ஸின் இலவச மறுபதிப்பு) ஓடுகிறது. கணக்கு, சரக்கிருப்பு எல்லாம் அதில்தான். இப்போது ஏஎம்டி எபிக் 9004 வரிசைச் சிப்புகளோடு, இரண்டு சாக்கெட்டிலும் (சிப் பொருத்தும் இடம்) சேர்த்து 64 கோர் உள்ள புது சர்வர் வந்து இறங்கியிருக்கிறது. பழைய டிஸ்க்கை அப்படியே நகல் (குளோன்) எடுத்து இதில் போட்டுவிடலாமா? "லினக்ஸ்தானே சார், எதிலும் ஓடும்" என்கிறார் சப்ளையர்.

பதில்: குளோன் வேண்டாம். லினக்ஸ் ஓடும் என்பது சரி, ஆனால் எந்த லினக்ஸ் என்று சப்ளையர் சொல்லவில்லையே.

தேதிகளைப் பாருங்கள். ஏழாம் பதிப்பின் கடைசி மைனர் வெளியீடான 7.9 வந்தது 2020-ல். எபிக் 9004 சந்தைக்கு வந்தது 2022 நவம்பரில். பிறக்காத சிப்புக்கு யாரும் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்) எழுதி வைத்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. அதன் மிரர் பட்டியலும் (மென்பொருளை இறக்கும் தளங்களின் பட்டியல்) நின்றுபோனதால், மென்பொருள் நிறுவும் யம் கட்டளை கொடுத்தால் ரெப்போவையே (மென்பொருள் கிடங்கு) காணவில்லை என்று கைவிரிக்கும்.

குளோன் செய்து போட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் முதல் தடுமாற்றம் பூட்டிலேயே. பழைய டிஸ்க் அநேகமாக எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில், பழைய பயாஸில் (கணினியைத் துவக்கும் மென்பொருள்) பூட் ஆகியிருக்கும். புது சர்வர் பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ-யை எதிர்பார்க்கும். அதைத் தாண்டினாலும், டிராகட் (பூட்டுக்கு வேண்டிய கோப்பை உருவாக்கும் கருவி) அவசர ஷெல்லில், சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று நிற்கும். சென்ட்ஓஎஸ் 7-ல் அந்தக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ், அது உருவான மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். புது டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் அதில் எங்கே இருக்கும்?

நிறையப் பேர் சறுக்குவது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எண்ணில். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8.0-லும் கெர்னல் 4.18, 8.10-லும் அதே 4.18. எண் அப்படியே இருக்க, உள்ளே புது ஹார்டுவேருக்கான டிரைவர்களை ஒவ்வொரு மைனர் வெளியீட்டிலும் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். ஒருமுறை நானே பென்டிரைவில் கிடந்த எட்டின் ஆரம்ப கால ஐஎஸ்ஓ-வை (நிறுவல் கோப்பு) எடுத்துக்கொண்டு டேட்டா சென்டருக்குப் போய்விட்டேன். இன்ஸ்டாலரில் ஒரு டிஸ்க்கூடத் தெரியவில்லை. ரெய்ட் கார்டு (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கார்டு) பழுது என்று நினைத்து இரண்டு முறை கழற்றி மாட்டினேன். விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பத்தோடு (lspci -nnk) ஓட்டிப் பார்த்தேன். கார்டின் பெயருக்குக் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்று சொல்லும் வரியே இல்லை. அதே பதிப்பின் புது மைனர் ஐஎஸ்ஓ-வை இறக்கிப் போட்டதும் டிஸ்க்குகள் வரிசையாக வந்து நின்றன.

இந்தப் பின்னோக்கிச் சேர்ப்புக்கும் ஆயுள் உண்டு. ரெட் ஹேட்டின் பத்து வருட ஆதரவில் முதல் ஐந்து வருடம்தான் முழு ஆதரவு; புது ஹார்டுவேருக்கான வேலை முக்கியமாக நடப்பது அதில்தான். பிறகு பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் முக்கியப் பிழைகளைத் திருத்துவதும்தான். எட்டாம் பதிப்புக்கு அந்த ஐந்து வருடம் 2024 மே மாதம் முடிந்துவிட்டது. ஒன்பதுக்கு 2027 மே வரை. உங்கள் சர்வருக்கு நான் ஒன்பதைத்தான் சொல்வேன். சந்தா வேண்டாமென்றால் அதே ஒன்பதில் அதன் இலவச மறுபதிப்புகளான ராக்கி அல்லது அல்மா. பத்து வந்திருக்கிறது, சிப்பும் தாங்கும். ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள்காரர் அதற்கு எழுத்தில் உத்தரவாதம் தருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடல் எண்ணை ரெட் ஹேட் சான்றளிப்புப் பட்டியலில் தேடி, எந்த மைனரிலிருந்து ஆதரவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்காரர் "ஏழில்தான் ஓடும்" என்று அடம்பிடித்தால்? புது சர்வரில் ஒன்பதைப் போட்டு, அதன் மேல் கேவிஎம்-ல் (லினக்ஸின் வெர்ச்சுவல் மெஷின் வசதி) பழைய சிஸ்டத்தை வெர்ச்சுவல் மெஷினாக வையுங்கள். அந்த வெர்ச்சுவல் மெஷினுக்குப் பழைய பயாஸ் முறையையே கொடுத்தால் எம்பிஆர் சிக்கல் இல்லை. குளோன் எடுக்கும் முன் பழைய சர்வரிலேயே டிராகட்டை ஓட்டி, வெர்ச்சுவல் மெஷினுக்கான வெர்ட்டியோ டிரைவர்களை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்துவிடுங்கள். மறந்துவிட்டால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ரெஸ்க்யூ வரியைத் தேர்ந்தெடுங்கள். அதில் எல்லா டிரைவரும் இருக்கும். பேட்ச் வராத மெஷின் என்பதால் தனி விலானில் (பிரித்த நெட்வொர்க்) அடைத்து, இணையத்தை வெட்டிவிடுங்கள். பழைய ரெய்ட் கார்டைக் கழற்றிப் புதியதில் மாட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்; எட்டாம் பதிப்பிலேயே பல பழைய கார்டுகளின் ஆதரவை எடுத்துவிட்டார்கள்.

செலவு ஒரு விஷயம். ரெட் ஹேட் சந்தா சாக்கெட் ஜோடிக்கு ஒன்று. 64 கோர் இருந்தாலும் கவலையில்லை. ஆரக்கிள் டேட்டாபேஸின் எண்டர்பிரைஸ் பதிப்பு வைத்திருந்தால் கதை வேறு: இதுபோன்ற எக்ஸ்86 சிப்புக்குக் கோர் காரணி (கோர் எண்ணிக்கையோடு பெருக்கும் எண்) 0.5, ஆக 64 கோருக்கு 32 ப்ராசஸர் லைசென்ஸ். சர்வர் விலையைவிட அது பலமடங்கு. விண்டோஸ் சர்வர் வெர்ச்சுவல் மெஷின் வைத்தால் அதற்கும் கோர் கணக்குதான், வழக்கமாக 64-க்கும் சேர்த்து.

இன்ஸ்டாலுக்கு முன் பயாஸையும் மற்ற ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்யுங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் 12 மெமரி சேனல் (மெமரிக்கான பாதை) உண்டு. சப்ளையர் விலையைக் குறைக்க நான்கில் மட்டும் மெமரி போட்டு அனுப்பியிருந்தால் டேட்டாபேஸ் மந்தமாகத்தான் இருக்கும், மூடியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, பேக்கப் ஸ்கிரிப்ட், ஃபயர்வால் விதி எதிலாவது நெட்வொர்க் கார்டின் பெயரை நேரடியாக எழுதியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். புது சர்வரில் அந்தப் பெயர் மாறியிருக்கும். ஒன்பதில் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்ட் தொகுப்பும் கிடையாது. எல்லாம் நெட்வொர்க் மேனேஜர் வழியாகத்தான். முதல் நாள் இரவு பேக்கப் ஓடாமல் போனால் நான் அங்கேதான் முதலில் பார்ப்பேன்.