மணிக்கட்டு நரம்பைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. பிசியோதெரபி முடித்த உங்கள் மகள் முதுநிலை ஆய்வுக்கு, கார்ப்பல் டனல் நோயை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். மணிக்கட்டில் ஓடும் ஒரே ஒரு நரம்பைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் தலைப்பு சிறியது என்பதற்காகத் தடுத்துவிடாதீர்கள். ஆய்வு பழக இவ்வளவு தோதான இடம் எளிதில் அமையாது.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் இறுக்கமாகக் கிடக்கும் ஒரு திசுப்பட்டைக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் கார்ப்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போகும், ராத்திரித் தூக்கம் கெடும். நசுங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நரம்பு வீங்கியிருக்கும். இதை அல்ட்ராசவுண்டில் காணலாம் என்று 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நரம்பு தோலை ஒட்டியே ஓடுவதால் படம் தெளிவாக வரும், கதிர்வீச்சும் கிடையாது. விரலை அசைக்கச் சொல்லி, நரம்பு நகர்வதையும் அப்போதே திரையில் பார்க்கலாம்.

சிரமம் அளப்பதில்தான். நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். இந்த எல்லை ஆய்வுக்கு ஆய்வு சற்று மாறும். அதனால் அதே கையில், முழங்கைக்குக் கீழே உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. ஒன்றிரண்டு சதுர மில்லிமீட்டரே முடிவை மாற்றிவிடும் என்னும்போது, கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். குழாயைச் சாய்த்து அறுத்தால் வாய் பெரிதாகத் தெரியுமே, அப்படித்தான் ப்ரோப் (தோல்மேல் வைத்துப் பிடிக்கும் ஸ்கேன் கருவி) சாய்ந்தால் நரம்பும் பெரிதாகத் தெரியும். அழுத்திப் பிடித்தால் தட்டையாகிவிடும். சிலருக்கு நரம்பே இரண்டாகப் பிரிந்திருக்கும். இதையெல்லாம் சமாளித்து, நேற்று எடுத்த அளவு இன்றும் வர வேண்டும்; இன்னொருவர் அளந்தாலும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் பயிற்சி அவள் கையில் தங்கிவிட்டால் முழங்கை, கணுக்கால், தோள்பட்டை என்று எங்கும் பயன்படும்.

வேலை என்று பார்த்தால் மருத்துவ ஆய்வுக் குழுக்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள், படத்தில் நரம்பின் எல்லையைத் தானாகவே வரையும் மென்பொருளை உருவாக்குபவர்கள் என்று வழிகள் இருக்கின்றன. அப்புறம் முனைவர் பட்டம். ஆனால் ஒன்று: இந்த ஆய்வை முடித்ததாலேயே நோயாளிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்திடும் உரிமை வந்துவிடாது. யார் ஸ்கேன் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சேருமுன் அவள் அதை விசாரித்துக்கொள்ளட்டும். நாள் முழுக்க ப்ரோப் பிடிப்பவர்களுக்கு மணிக்கட்டு வலியும் தோள்வலியும் வருவது சகஜம் என்பதால், உட்காரும் விதத்தை முதல் நாளிலிருந்தே கவனிக்கச் சொல்லுங்கள்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் அவள் கேட்க வேண்டியவை சில. வாரத்தில் எத்தனை மணி நேரம் ப்ரோப் என் கையில் இருக்கும்? என் அளவுகளை, நான் குறித்த எண்ணைப் பார்க்காமல் இன்னொருவர் திரும்ப அளப்பாரா? அதே நோயாளிகளின் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் மின்சைகை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) முடிவுகள் கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு வழிகாட்டியைத் தேடட்டும், தலைப்பை மாற்ற வேண்டாம்.