மாணவி பதில் போடுவதை நிறுத்திவிட்டால் வழிகாட்டி என்ன செய்வது?

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். பொறியியல் முதலாண்டு மாணவி ஒருவருக்கு இணையவழி வழிகாட்டியாக இருக்கிறேன். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவர்தான். ஆரம்பத்தில் நிறையக் கேட்டார். இப்போது மூன்று வாரமாகப் பதிலே இல்லை. ஆர்வம் போய்விட்டதா? ஆணாக இருப்பதால் நான் சரிப்பட்டு வரவில்லையா?

பதில்: ஆர்வம் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இப்படிச் சத்தமில்லாமல் போகிற மாணவர்கள் பலர் ஏதோ ஒரு தேர்வில் அடிவாங்கியிருப்பார்கள். அதைச் சொல்லக் கூச்சம். நாளாக ஆக, ‘இத்தனை நாள் கழித்து என்னவென்று எழுதுவது’ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் நீங்களே எழுதுங்கள். ‘உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்பது வேண்டாம். என்ன உதவி என்று யோசிக்கும் பாரம் அவர் தலையில் விழும். ‘தாமதமானால் பரவாயில்லை. கணிதத் தேர்வு எப்படிப் போனது? நானும் முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் திணறினேன். ஒரு வரி எழுதினால் போதும்’ என்று கேளுங்கள். திணறியது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 150 பொறியியல் மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. மூத்த மாணவிகள் வழிகாட்டிய அத்தனை பேரும் முதலாண்டு முடிவில் பொறியியலிலேயே இருந்தார்கள். ஆண்கள் வழிகாட்டியவர்களிலும் வழிகாட்டியே இல்லாதவர்களிலும் சிலர் விலகியிருந்தார்கள். இதில் நான் முக்கியமாக நினைப்பது, மூத்த மாணவிகள் வழிகாட்டியவர்களைத் தக்கவைத்தது மதிப்பெண் அல்ல என்பதுதான். ‘இது எனக்கும் உரிய இடம்’ என்ற எண்ணமும் தன்னம்பிக்கையும்தான் குலையாமல் நின்றன. அங்கே சந்திப்புகள் நேரில் நடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக நீங்கள் விலக வேண்டியதில்லை. அதே துறையில் இரண்டு மூன்று வருடம் மூத்த ஒரு மாணவியையோ, உங்களோடு வேலை பார்க்கும் ஒரு பெண் பொறியாளரையோ, மாணவியிடம் கேட்டுவிட்டு, அறிமுகம் செய்துவையுங்கள். பேராசிரியரிடம் சந்தேகம் கேட்டு எப்படி மின்னஞ்சல் எழுதுவது என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். வீட்டில் யாரும் சொல்லித்தர வழியில்லாதவருக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம், நேரம். 1997-இல் தொடங்கிய மென்டார்நெட் என்ற அமெரிக்க இணையவழி வழிகாட்டித் திட்டம் மின்னஞ்சலை நம்பியே நடந்தது. வாரத்துக்குச் சுமார் 20 நிமிடம்தான் கேட்டது. மாதம் ஒரு நீண்ட வீடியோ அழைப்பைவிட, வாரம் தவறாமல் குறித்த நாளில் போகும் நாலு வரிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டு முறை எழுதியும் பதில் வராவிட்டால் உங்கள் இருவரையும் இணைத்துவைத்த வழிகாட்டித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். புகாராக அல்ல, விசாரிக்கச் சொல்லி.