சிட்னி மேன்லியில ஃபெர்ரி படகு வந்து நிக்கிற துறை, அதான் மேன்லி வார்ஃப், பாக்க மால் மாதிரி இருக்கு, அதை எதுக்கு ஹெரிடேஜ் லிஸ்ட்ல (பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்) வச்சிருக்காங்க?

சிட்னிக்கு வர்ற சொந்தக்காரங்களை எல்லாம் நான் மொதல்ல கூட்டிட்டுப் போறதே மேன்லிக்குத்தான், இறங்கின உடனே அவங்க கேக்குறதும் இதேதான். உள்ள சூப்பர் மார்க்கெட், பப், ஐஸ்கிரீம் கடைன்னு இருந்தா பின்ன கேக்கத்தான் செய்வாங்க.

விஷயம் என்னன்னா, அங்க ஊர் வந்து வார்ஃப் வரல, வார்ஃப் வந்துதான் ஊரே வந்துச்சு. ஹென்றி கில்பர்ட் ஸ்மித்னு ஒரு ஆளு 1850கள்ல அங்க நிலமா வாங்கிப் போட்டு, இங்கிலாந்து பிரைட்டன் மாதிரி ஒரு கடற்கரை ஊர் பண்ணிடலாம்னு கணக்குப் போட்டாரு, ஆனா ரோடு வழியா போகணும்னா சுத்தோ சுத்துன்னு சுத்தணும், நடுவுல மிடில் ஹார்பர்னு துறைமுகத்தோட ஒரு கிளை வேற குறுக்க. அதனால 1855ல அவரே வார்ஃபைக் கட்டிட்டாரு. நம்மூர்ல பஸ் ஸ்டாண்ட் வரப்போகுதுன்னு சொல்லி பிளாட் விப்பாங்கல்ல, இவர் பஸ் ஸ்டாண்டையே கட்டிட்டு பிளாட் வித்தவரு! இறங்கி ரோட்டைத் தாண்டினா நேரா கடல் பீச்சுக்குப் போற 'கோர்சோ' தெருவும் அவர் போட்டதுதான்.

அப்புறம் 1903ல பகல்லயும் கடல்ல குளிக்கலாம்னு மேன்லி கவுன்சில் அனுமதிச்சதும் (அதுவரைக்கும் நாலு பேர் பாக்க பகல்ல குளிச்சா குத்தம்) கூட்டம் இன்னும் ஏறிடுச்சு. ஃபெர்ரி கம்பெனிக்காரன் "சிட்னியிலிருந்து ஏழு மைல், கவலையிலிருந்து ஆயிரம் மைல்"னு விளம்பரம் போட்டே டிக்கெட் வித்தான்.

எனக்குப் பிடிச்ச கட்டம் 1930கள். 1932ல ஹார்பர் பிரிட்ஜ் திறந்ததும் மத்த ஃபெர்ரி ரூட்டு நிறைய அடிவாங்குச்சு, மேன்லி மட்டும் தாக்குப்பிடிச்சுது. ரோட்டு வழி தூரம்ங்கறது ஒரு காரணம், ஆனா கம்பெனியும் சும்மா இருக்கல. வார்ஃபுக்குப் பக்கத்துலயே சுறா வராம வலை போட்டு பெரிய நீச்சல் குளம், சரக்கு இறக்குற பழைய வார்ஃப் மேல 'ஃபன் பியர்'னு பேய் ரயில் எல்லாம் வச்சு ஒரு பொழுதுபோக்குக் கூடம். சவாரிக்கு ஆள் வரணும்னா போற இடத்துல ஏதாவது இருக்கணும்ல! குளத்தை 1974 புயல் அடிச்சு நொறுக்கிடுச்சு, ஃபன் பியரை 1989ல மூடிட்டாங்க, இப்ப நீங்க பாக்குற கடைங்க எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

பழசைப் பாக்கணும்னா வெளிய வந்து ரோட்டுப் பக்கத்துலருந்து பாருங்க, கடிகாரக் கோபுரத்தோட வழவழன்னு இருக்குற முகப்பு, அது 1941 கட்டடம். 2000ல மாநில ஹெரிடேஜ் லிஸ்ட்ல சேத்தாங்க, அழகு மட்டும் காரணம் இல்ல, மேலே சொன்ன கதை மொத்தமும்தான்.

போறப்ப சிட்னி நகரத்துல இருக்குற சர்குலர் கீ ஃபெர்ரி துறைல இருந்து ரெண்டு பக்கமும் மூக்கு இருக்குற பெரிய பச்சை மஞ்சள் ஃபெர்ரி, ஃப்ரெஷ்வாட்டர் வகை, அது கிடைச்சா அதுலயே ஏறுங்க. திரும்பணும்னு அவசியமே இல்ல, வந்த மாதிரியே பின்னால கிளம்பிடும். நடுவுல ஹார்பர் வாசல் வர்ற இடத்துல பசிபிக் அலை பக்கவாட்டுல அடிக்கும், கொஞ்ச நேரம் நல்லா ஆடும். மேன்லி ரூட்டுக்கு அவ்வளவு பெரிய படகு விட்டதுக்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம். அந்தப் படகுகளை நிறுத்தப் போறோம்னு அரசாங்கம் சொன்னப்போ ஊர்க்காரங்க விடல, சண்டை போட்டுத்தான் கொஞ்சத்தைக் காப்பாத்தினாங்க. மாத்திரை போட்டுக்கற அளவுக்கெல்லாம் பயப்பட வேணாம், ஆனா வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஏறாதீங்க.