புரையேறினால் தலையில் தட்டலாமா? உடம்பைப் பற்றி நீங்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நாம் அப்படியே பிடித்துக்கொண்ட விஷயங்கள். உயிரோடு சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கிறது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

சாப்பிடும்போது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுகிறோம். அதனால் பயன் உண்டா?

இல்லை. தொண்டைக்குக் கீழே முன்னால் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால் உணவுக்குழாய். அதனால் விழுங்கும் ஒவ்வொரு வாய்ச் சோறும் மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். அப்படி ஏறும்போதுதான் அதன் மூடி மடிந்து, குரல்நாண்களும் சேர்ந்து வழியை அடைக்கின்றன, மூச்சும் ஒரு கணம் நிற்கிறது. சிரித்துக்கொண்டே விழுங்கினால் இந்த ஒழுங்கு தப்பி ஒரு பருக்கை உள்ளே நழுவிவிடும், உடனே இருமல் வரும். அந்த இருமல்தான் வைத்தியம். இருமி முடிக்க விடுங்கள், நடுவில் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஆனால் இருமவும் முடியாமல் பேசவும் முடியாமல் ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு திணறினால் சும்மா நிற்கக் கூடாது. முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையா, பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வேகமாக அழுத்துங்கள். அடைத்தது வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், அதற்குள் பக்கத்தில் இருப்பவர் 108க்கு அடிக்கட்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும்.

அப்புறம் வேர்க்கடலை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை இடதைவிட அகலம், இறக்கமும் செங்குத்து. அதனால் தவறி உள்ளே போகும் பொருள் பெரும்பாலும் வலது பக்கம்தான் போய் உட்காரும், முதலில் இருமிய குழந்தை அமைதியாகிவிடும், சில நாள் கழித்துச் சளி, காய்ச்சல் என்று வந்து நிற்பார்கள். "அன்றைக்குக் கடலை சாப்பிடும்போது இருமினான்" என்ற ஒரு வரியை டாக்டரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். 4 வயது வரை முழுக் கடலையே வேண்டாம்.

கையில் நரம்பு பச்சையாகத் தெரிகிறது, உள்ளே ஓடுவது கெட்ட ரத்தமா?

நீங்கள் பார்ப்பது நரம்பே இல்லை, சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகும் குழாய். ட்ரிப் போடும்போது "நரம்பு கிடைக்கலை" என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்கிறோம், வழக்கு அப்படி ஆகிவிட்டது. உண்மையான நரம்பு வெளுத்த கயிறு மாதிரி உள்ளே இருக்கும், அதில் ரத்தம் ஓடுவதில்லை, செய்திதான் ஓடுகிறது. சிரையில் ஓடுவதும் சிவப்பு ரத்தம்தான், ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதால் நிறம் கொஞ்சம் அடர்த்தி. தோலுக்குள் நுழையும் வெளிச்சத்தில் எது திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது என்பதால்தான் பச்சை, நீலம் எல்லாம். இதைப் பார்த்து "நரம்புத் தளர்ச்சி" என்று மாத்திரை வாங்காதீர்கள்.

குழந்தையின் உச்சி துடிக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மண்டையோட்டு எலும்புகள் பிறக்கும்போது ஒட்டியிருப்பதில்லை. பிரசவப் பாதையில் தலை நெருங்கி வரவும், பிறகு மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். முன்னுச்சி பொதுவாக ஒன்றரை வயதுவாக்கில் மூடும். வயிற்றுப்போக்கோடு உச்சி குழிந்து போனால் உடம்பில் நீர் வற்றுகிறது, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். அழாமல் இருக்கும்போதே காய்ச்சலோடு புடைத்துக்கொண்டு நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நெஞ்சு வலி கேஸா, ஹார்ட்டா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, ஈசிஜி எடுக்க வேண்டும். இதயம் இருப்பது நெஞ்சின் நடுவில், முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் நடுநெஞ்சில் வரும் வலியைக் கேஸ் என்று நினைப்பது சுலபம். இதயத்திலிருந்து வரும் நரம்பும் இடது கையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நுழைவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்பிக் கையில் வலிப்பதாகக் காட்டுகிறது, தாடையிலும் அப்படித்தான். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்புமாகவும் வரலாம்.

விரலில் நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

தேயாது. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழிதான் அந்தச் சத்தத்துக்குக் காரணம், அதனால்தான் உடனே மறுபடி முறித்தால் சத்தம் வராது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் 60 வருஷத்துக்கு மேல் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார், இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. முறிக்கும்போது வலித்தாலோ வீங்கினாலோ மட்டும் காட்டுங்கள்.