கீறல் ஒலிக்குள் ஒரு பியானோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவினரின் 1938 கார்னகி ஹால் கச்சேரி ஒலிப்பதிவை, 1999இல் வெளிவந்த குறுந்தகட்டில் கேட்டேன். இரைச்சல் தாங்க முடியவில்லை. தூய்மையாக்கிய பதிப்பு எதையாவது பரிந்துரைக்க முடியுமா? 'ஸ்விங் இசையின் மன்னர்' என்ற பட்டத்துக்கு அவர் தகுதியானவர்தானா?

க.

அன்புள்ள க.,

சில நாட்களாக அதே ஒலிப்பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதால் உடனே எழுதுகிறேன். பட்டங்கள் சுவரொட்டி ஒட்டுபவர்களின் பாடு, விட்டுவிடுங்கள்.

ஆனால் இரைச்சலைப் பற்றிய வரி எனக்குக் கோபமூட்டியது. ஜனவரி 16 அன்று நியூயார்க்கில், மேடைக்கு மேலே தொங்கிய ஒலிவாங்கி வழியாக, ஒலியை நேரடியாகக் கீறிப் பதியும் அசிடேட் தட்டுகளில் பதிவாகி, 1950இல்தான் கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பட்ட கச்சேரி அது. கீறல் அந்தத் தட்டுகளின் உடம்பிலேயே இருக்கிறது. அதை முரட்டுத்தனமாக வடிகட்டினால் சிம்பலின் ஓரமும் கிளாரினெட்டின் மூச்சும் சேர்ந்தே போய்விடும். நோய் போனது, ஆளும் போனான் என்றாகிவிடும்.

'சிங், சிங், சிங்' என்ற உருப்படி வரும் 12 நிமிடங்களைப் பொறுமையாகக் கேட்டீர்களா? ஜீன் க்ரூபாவின் டிரம்ஸ் அரங்கையே அதிரவைத்த பிறகு, குட்மனின் கிளாரினெட் உச்சத்துக்கு ஏறி, இழையாக மெலிந்து அடங்குகிறது. அங்கேயே முடித்துக்கொண்டு கைதட்டலை வாங்கியிருக்கலாம். முறைப்பாலேயே சக கலைஞர்களை நடுங்கவைப்பவர் என்று பேரெடுத்த அந்தத் தலைவர், மாலை முழுவதும் பெரும்பாலும் பின்னணியிலேயே இருந்த பியானோக் கலைஞர் ஜெஸ் ஸ்டேசிக்கு, திட்டத்தில் இல்லாத இரண்டு நிமிடங்களை விட்டுக்கொடுக்கிறார். ஸ்டேசி முழங்கவில்லை, ஆளில்லாத அறையில் தனக்கே வாசித்துக்கொள்பவரைப் போலத் தாழ்ந்து தொடங்குகிறார். பியானோ தணியத் தணியக் கீறல் ஒலி மேலெழுகிறது. நீங்கள் துடைத்தெறியச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை என்பதும் உண்மை. அந்தக் குறுந்தகடு வந்த புதிதில் நண்பர் ஒருவர் அதை ஒலிநாடாவில் பதிந்து தந்தார். பியானோ வந்த இடத்தில் டேப் ரெக்கார்டர்தான் பழுதென்று நிறுத்தி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்தேன். மீண்டும் போட்டேன், இரைச்சல் அப்படியே இருந்தது. மறுபடியும் துடைத்தேன். மூன்றாம் முறை பஞ்சைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். க்ரூபா மீண்டும் வெடித்தபோதுதான் விரல்கள் ஸ்பிரிட்டில் குளிர்ந்திருப்பது தெரிந்தது.