அடி வாங்கப் பழகியவர்கள்

அன்புள்ள ஐயா,

மார்ட்டின் லூதர் கிங் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். எதிராளிக்கு மனசாட்சி இருக்கும் என்று நம்பி அடி வாங்கிக்கொண்டு நிற்பதுதானே அகிம்சை? மனசாட்சியே இல்லாதவனிடம் அது எப்படி எடுபடும்? கிங்கும் இன்று ஒரு சிலை, ஒரு விடுமுறை நாள். வேறென்ன மிச்சம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்தக் கேள்விக்குக் கிங்கைவிட, அவரோடு நின்ற அமெரிக்கக் கறுப்பினப் போராளி ஜேம்ஸ் லாசனிடம் போவது நல்லது. 2024 ஜூனில் 95 வயதில் காலமானார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர். பிறகு மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபை ஊழியராக நாக்பூர் வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே காந்தியின் போராட்ட முறைகளைப் படித்தார். அமெரிக்காவின் மாண்ட்கமரியில் நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்த செய்தியை நாக்பூர்ப் பத்திரிகையில்தான் பார்த்தார். ஊர் திரும்பி 1957இல் கிங்கைச் சந்தித்தபோது, 'படிப்பெல்லாம் அப்புறம், இப்போதே தெற்கே வாருங்கள்' என்கிற மாதிரி கிங் அழைத்தார். தெற்கிலுள்ள நாஷ்வில் நகருக்குப் போனார்.

அங்கே ஒரு தேவாலயத்தில் கல்லூரி மாணவர்களுக்கு லாசனின் அகிம்சைப் பயிற்சி நடந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போடுவார்கள். சிலர் கடையில் சாப்பிட உட்கார்ந்தவர்களாகவும் மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாகவும் நடிப்பார்கள். திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் இருப்பவர் அடிபடும்போது எப்படிக் குறுக்கே புகுவது என்று பழகினார்கள். என்னால் மறக்க முடியாதது ரவுடியாக நடித்த கறுப்பின மாணவனின் நிலை. தன்னைக் காலமெல்லாம் சுட்ட வார்த்தையையே எடுத்து நண்பனைத் திட்ட வேண்டும்.

1960 பிப்ரவரியில், கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். கையில் ஒரு விதித்தாள்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, நிமிர்ந்து உட்கார், முகம் கவுண்டரைப் பார்த்தே இருக்கட்டும். 27ஆம் தேதி ஒரு கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் பிடித்துப் போனதோ அடி வாங்கிய மாணவர்களை, சுமார் 80 பேரை. ஒரு வரிசையைக் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

நம் ஊரில் 'அகிம்சை' என்றதும் சும்மா இருப்பது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இதில் சும்மா இருந்தவர் யார்? கறுப்பினக் குடும்பங்கள் நகர்மையக் கடைகளில் எதுவும் வாங்குவதில்லை என்று நின்றன. அது ஈஸ்டர் சமயம். நமக்குத் தீபாவளிபோல அவர்கள் புதுத்துணி எடுக்கும் காலம். கடைக்காரர்களின் கல்லாவில் அது தெரிந்தது.

ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் பேச்சில்லாமல் நகர்மன்றத்துக்கு நடந்தார்கள். படிக்கட்டில் நின்ற மேயர் பென் வெஸ்டிடம் டயான் நாஷ் என்ற மாணவி, நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறுதானே என்று நேராகக் கேட்டார். மேயர் தவறுதான் என்றார். மே 10இல் அந்தக் கடைகள் கறுப்பினத்தவருக்குப் பரிமாறத் தொடங்கின.

மேயருக்கு மனசாட்சி இருந்தது, சரி. ஆனால் அது வாய் திறப்பதற்கு முன் சிறை நிரம்பியிருந்தது, கடைகளில் வியாபாரம் படுத்திருந்தது. கடைக்காரர்களின் மனசாட்சியைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அகிம்சை இரண்டுக்கும் தயாராக வந்திருந்தது.

சிலை, விடுமுறை பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1966 கேலப் கருத்துக்கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்களுக்குக் கிங்கைப் பிடிக்கவில்லை. அந்தக் கிங்கை விடுமுறை நாளில் யாரும் நினைப்பதில்லை. 1968இல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவரை அழைத்தவர் லாசன்தான். அங்கேதான் ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்டார். அந்த பாரத்தோடு லாசன் இன்னும் 56 ஆண்டுகள் வாழ்ந்தார்; அகிம்சைப் பயிற்சி கொடுப்பதை விடவில்லை.

நாஷ்வில் போராட்டத்துக்காக 1960இல் தன் மாணவராக இருந்த அவரை வெளியேற்றிய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், 2006இல் அவரைப் பேராசிரியராக வரச் சொல்லிக் கேட்டது. போய்ப் பாடம் நடத்தினார்.