மாதம் 20,000 மிஞ்சுகிறது, எங்கே போடலாம்?

கேள்வி: வயது 26. கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருக்கிறேன். சம்பளம் கைக்கு 95,000 வரும். செலவு போக 20,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் இரண்டரை இலட்சம் சும்மா கிடக்கிறது. கடன் அட்டையில் 60,000 நிலுவை உண்டு. கூட வேலை செய்பவர், ஒரு செயலியில் காசு போட்டால் மாதம் 8 வீதம் தருவார்கள் என்கிறார். அம்மா தங்கம் வாங்கு என்கிறார். எதைச் செய்ய?

பதில்: அந்தச் செயலி வேண்டவே வேண்டாம், தங்கச்சி. மாதம் 8 வீதம் என்றால், வட்டி குட்டி போட்டு ஒரு இலட்சம் ஒரே வருடத்தில் இரண்டரை இலட்சமாக வேண்டும். அப்படி உழைக்கத் தெரிந்தவன் உங்கள் காசுக்கு ஏன் அலைகிறான்? புதிதாகச் சேருபவர்களின் காசுதான் பழையவர்களுக்கு வட்டியாகப் போகும். நண்பருக்கு இதுவரை ஒழுங்காக வந்திருக்கலாம். உங்களை இழுக்க அது வேண்டும்தானே. வைப்பு வாங்க அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவர்களிடம் வைப்பென்று ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சரி, கையில் உள்ளதற்கு வருவோம். முதலில் அந்த 60,000ஐக் கட்டி முடித்துவிடுங்கள். அட்டை வட்டி வருடத்துக்கு 20 வீதத்துக்கும் மேல். அதைக் கட்டுவதைவிட நிச்சயமான இலாபம் கொழும்பில் எங்கும் இல்லை. மிச்சம் 190,000. உங்கள் மாதச் செலவு 75,000, மூன்று மாதத்துக்கு 225,000. அடுத்த இரண்டு மாத மிச்சத்தையும் சேர்த்தால் அவசரத் தேவைக்கான காசு தயார். அதில் பாதியைச் சேமிப்பிலும் மீதியை மூன்று மாத நிலையான வைப்பிலும் போடுங்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனம் எழுதிக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். பலர் இதைச் செய்வதே இல்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து 15,000ஐச் சேர்த்துவந்து, தொகை பெருத்ததும் திறைசேரி உண்டியல் வாங்குங்கள். அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம் அது. 91, 182, 364 நாட்களுக்குக் கிடைக்கும். இன்று குறைந்த விலை கொடுத்து வாங்கி, முதிர்வில் முழுத் தொகையைப் பெறுவீர்கள். மீதி 5,000, பலரின் காசைச் சேர்த்துப் பங்குகளில் முதலிடும் ஒரு யூனிட் டிரஸ்டுக்கு. ஐந்து வருடத்துக்கு அதைத் தொடக்கூடாது, விலை விழுந்தாலும். நேரே பங்கு வாங்க, வாங்கும் பங்குகள் பதிவாகிற சீடிஎஸ் கணக்கு வேண்டும், கைபேசியிலேயே திறக்கலாம். ஆனால் ஒரு கம்பனியின் வருடாந்த அறிக்கையையாவது வாசிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அம்மாவின் பேச்சையும் தட்ட வேண்டாம். செட்டியார் தெருவில் வாங்குவதானால் நகையை விட்டு நாணயமாக வாங்குங்கள். செய்கூலி, சேதாரம் என்று போவது குறையும்.

அப்புறம், ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் கம்பனி 12 போட வேண்டும், ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேறாக 3. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிற இடங்களும் உண்டு. உங்கள் நிதிக் கணக்கின் மீதிக் கூற்றை எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.